பிடியரிசி வாசகசாலை

பெயர்: ந. சிவசைலம். பிறப்பு: 1917, தென்காசி. கல்வி: எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. தொழில்: தென்காசி–குற்றாலம் தடத்தில் ஓடிய தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநர், 1946 முதல் 1965 மே முடிய. மனைவி: முத்துவடிவு. பிள்ளைகள் இல்லை. 1954 சித்திரை முதல் தேதியன்று, தென்காசி தெற்கு வாய்க்கால் தெருவில், ஓர் அறையும் நாட்டோட்டுக் கூரையும் கொண்ட வாடகைக் கட்டடத்தில் ‘பொதுமக்கள் வாசகசாலை’யைத் தொடங்கினார். உறுப்பினர் சந்தா கிடையாது. அரசு மானியம் கிடையாது. நிரந்தர வருமானம் பிடியரிசி ஒன்றே.

பிடியரிசி இப்பகுதிப் பெண்கள் நெடுங்காலமாக அறிந்த முறை. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். கலயம் நிறைந்ததும் அது கோவிலுக்கோ அன்னதானத்துக்கோ போகும். சிவசைலம் தம் தெருவிலும் அடுத்த மூன்று தெருக்களிலுமாக அறுபத்திரண்டு வீடுகளில் பேசி, அந்தப் பிடியை வாசகசாலையின் பக்கம் திருப்பினார். பேசியவர் அவர் என்றாலும் சுமந்தவர் முத்துவடிவு. வெள்ளியும் செவ்வாயும் வீட்டரிசி வெளியே போகாது என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொண்டார். தகர டப்பாவோடு வீடு வீடாகப் போய், உழக்கால் அளந்து வாங்கி, அளவை மனத்தில் வைத்துக்கொண்டு வந்து சொல்வார். சிவசைலம் பதிவேட்டில் வீட்டு எண், வீட்டுக்காரியின் பெயர், அளவு என மூன்று பத்திகளில் எழுதுவார். பதினோரு ஆண்டுகளில் ஒரு ஞாயிறும் எழுதாமல் விட்டதில்லை.

அறுபத்திரண்டு வீட்டு அரிசி ஒரே மூடையில் சேர்ந்தால் சோற்றுக்கு ஆகாது. புழுங்கலும் பச்சையும், புதியதும் பழையதும், சன்னமும் மோட்டாவுமாகக் கலந்த அரிசி பாதி குழையும், பாதி விறைத்து நிற்கும். அதை அரைக்கத்தான் முடியும். குற்றாலத்தில் பேருந்து நிற்குமிடத்தருகே இட்டிலிக் கடை வைத்திருந்த பிச்சுமணி அதை வாங்கிக்கொள்வார். சீட்டு எழுதும் பழக்கம் இருவருக்கும் இடையில் இல்லை. கோடையில் அவர் கடை பெரும்பாலும் மூடிக்கிடக்கும். அம்மாதங்களின் அரிசி வாசகசாலையின் மூலையில் மூடைகளாக நின்று, சாரல் விழுந்த பிறகே குற்றாலம் போகும்.

நூல்கள் வந்த வழியும் குற்றாலமே. சீசனுக்கு வந்து தங்கியவர்கள் ஊர் திரும்பும்போது, டிக்கெட் கிழித்துக் கொடுத்த கையை மடக்காமலே சிவசைலம் கேட்பார்:

“வாசிச்சு முடிச்ச பொஸ்தகம் இருந்தா குடுத்துட்டுப் போங்க. ரயிலுக்குப் பாரம் கொறையும்.”

அவ்வாறு வந்த இதழ்களைத் தொடர்கதை வாரியாகப் பிரித்துத் தைத்து, அட்டை போட்டு, எண் கொடுத்து அடுக்கினார். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அறை திறந்திருக்கும். படிக்க வருவோரைப் போலவே மனு எழுத வருவோரும் இருந்தனர். பட்டா மாற்றம், முதியோர் உதவி, பள்ளிச் சம்பளச் சலுகை என எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். நகல் ஒன்று எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வார்.

1965இன் தொடக்கத்தில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாயிற்று. அரிசி மாநில எல்லையைத் தாண்டக் கூடாது, உரிமமின்றி மூடையாகச் சேர்த்துவைக்கவும் கூடாதென்ற கட்டுப்பாடு இருந்தது. செங்கோட்டைக்கு அப்பால் கேரளத்தில் அதன் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. பாய்ச்சுருளிலும் சேலைக் கொசுவத்திலும் அரிசி மலையேறியது. குடும்ப அட்டைக்குக் கிடைத்த அளவு போதாத வீடுகளிலும் வாசகசாலைக் கலயம் நிறுத்தப்படவில்லை. பிடி சிறுத்தது, அவ்வளவே. அந்தப் பங்குனியிலும் சித்திரையிலும், அட்டைக்கு அரிசி போதவில்லை, கூட்டித் தர வேண்டும் என்று சிவசைலம் பலருக்கு மனு எழுதிக் கொடுத்தார். அவற்றுள் முப்பத்தெட்டு மனுக்கள் பிடியரிசி வீடுகளுக்கானவை.

இந்நிலையில்தான் கூரைக்காக ஒரு துண்டு விளம்பரம் அச்சிட்டார். ஓடுகள் உடைந்திருந்தன, அடுத்த சாரலைத் தாங்காது. சீசனுக்கு வருவோரிடம் நன்கொடை திரட்டினால் ஓடு மாற்றிவிடலாம் என்பது திட்டம். வாசகசாலையை நடத்துவோர் வெறுங்கையோடு வரவில்லை என்று காட்டுவதற்காக விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘இவ்வாசகசாலையின் அரிசி மொத்தம் 9,412 கிலோ.’ அது பதினோரு ஆண்டு வரவின் கூட்டல். பதிவேட்டில் வரவுப் பக்கத்தின் அடியில் நின்ற எண்ணை எடுத்து எழுதினாரே தவிர, விற்றதைக் கழிக்கவில்லை; ஆண்டுகளையும் குறிப்பிடவில்லை. பெரிய எண்ணைக் கண்டால் கொடுப்பவர் கை பெரிதாகும் என்று கருதினார்.

அச்சாகி வந்த தாளை முத்துவடிவு இரண்டு முறை படித்தார்.

“இம்புட்டு அரிசிய நீங்க கண்ணால பாத்திருக்கீகளா?”

“பதினோரு வருசமா நீ தலையில சுமந்ததுதான் இது.”

“என் தலைக்கே தெரியலையே.”

விளம்பரம் மே மாத முதல் வாரத்தில் பேருந்துகளிலும் குற்றாலத்துத் தங்கும் விடுதிகளிலும் ஒட்டப்பட்டது. நன்கொடை எதுவும் வருமுன், மே 17, திங்கட்கிழமை காலை, உணவு வழங்கல் அதிகாரி ஒருவர் இரண்டு ஊழியர்களுடனும் ஒரு காவலருடனும் வாசகசாலைக்கு வந்தார். விளம்பரத் தாள் அவர் கையிலிருந்தது. மூலையில் நின்ற மூடைகளை எடை போட்டார்கள். 187 கிலோ இருந்தது.

“மீதி எங்கய்யா?” என்றார் அதிகாரி.

“எதுல மீதி சார்?”

“ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னெண்டுல. நீயே அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டியிருக்கியே.”

சிவசைலம் கூட்டலை விளக்கினார். வாங்கியவர் பெயரையும் சீட்டையும் அதிகாரி கேட்டார். சீட்டு இல்லை, பிச்சுமணியின் பெயரைச் சொன்னால் அவர் கடைக்கும் ஆட்கள் போவார்கள். சிவசைலம் மூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி நீட்டினார்.

“இதப் பாருங்க சார். எட்டுத் தினுசு அரிசி இருக்கும். கடத்துதவன் இப்படியா கலந்து வச்சிருப்பான்?”

“கலப்படக் கேசும் சேர்த்துப் போடவா?”

தாலுகாக் கிடங்கில் இடமில்லாததால் மூடைகளை அங்கேயே விட்டு அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். நூல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சிவசைலம் கேட்டார். வழக்குப் பொருள் இருக்கும் அறையிலிருந்து எதையும் அசைக்கக் கூடாது என்று அதிகாரி மறுத்தார். மூன்றாம் நாள், ‘அரிசிக் கேஸ்காரர்’ செங்கோட்டைப் பக்கம் ஓடும் பேருந்துகளில் இருப்பது சரியல்லவென்று நிறுவனம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது.

வேலை போனதைவிட அவரை வாட்டியது கூரை. சாரல் தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. அறைக்குள் கோடையிலேயே கரையான் பிடிக்கும். வாரந்தோறும் அலமாரிக் கால்களுக்கு மண்ணெண்ணெய் தடவினால்தான் அடங்கும். அதற்குள் கதவு திறந்தாக வேண்டும்.

ஆயினும் அவரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. அறையைப் பூட்டியதற்கு முந்தைய நாள் ஞாயிறு ஆனதால், வரவு எழுத எடுத்துவந்த பிடியரிசிப் பதிவேடு வீட்டில் இருந்தது. பூட்டிய மறுநாளே அலுவலகம் சென்று, அரிசி வந்த வழிக்குத் தம்மிடம் ஆதாரம் உண்டு என்றார். அதிகாரி இம்முறை உட்காரச் சொன்னார்.

“புத்தகங்களோட எனக்கு என்ன விரோதம்? கொடுத்த வீட்டுக்காரங்ககிட்ட அட்டை எண்ணோட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. அன்னைக்கே கதவைத் திறந்து விட்டுடறேன்.”

சிவசைலம் தாள் தாளாக வாக்குமூலம் எழுதி, பெயருக்கும் எண்ணுக்கும் இடம் விட்டு, அறுபத்திரண்டு பிரதிகள் தயாரித்தார். முதலில் சென்றது முப்பிடாதியம்மாளின் வீடு. அவர் கணவர் வயலுக்குப் போயிருந்தார். முப்பிடாதியம்மாள் தாளை வாங்கவில்லை.

“அண்ணாச்சி, நான் அரிசி போட்டது எங்க வீட்டுல அவுகளுக்குத் தெரியாது.”

“அவுகளுக்குத் தெரியாம பாத்துக்கிடுதேன்மா.”

“சர்க்காருக்குத் தெரியுமே. கார்டுக்கு அரிசி பத்தலைன்னு மனு எழுதுனது யாரு?”

“நாந்தான்.”

“வாரவாரம் நான் அரிசி போட்டேன்னு நோட்டுல எழுதுனதும் நீங்கதான். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எங்க கார்டு இருக்குமா?”

சிவசைலம் நீட்டிய தாளை மடித்தார்.

“நல்லா இருப்பீக அண்ணாச்சி, எம்பேர மட்டும் அடிச்சிருங்க.”

“மையில எழுதினதும்மா.”

“அப்பம் தாளக் கிழிங்க.”

நான்கு நாள்களில் அறுபத்திரண்டு வீடுகளுக்கும் போனார். சிலர் கதவைத் திறந்தே பேசினர். சிலர் திறக்காமல் பேசினர். கடையநல்லூரிலிருந்து இத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நூர்நிஷா, வாரம் ஒரு நாவலாவது வாங்கிப் படிப்பவர். அவர் சன்னல் வழியே சொன்னார்: “அண்ணே, கதைன்னா முடிவு வரைக்கும் வாசிப்பேன். இதுல முடிவு எனக்கு இப்பவே தெரியுது. கையெழுத்து கேக்காதீங்க.” கையெழுத்திட இசைந்தவர்கள் இருவர். அவ்விருவரும் கூலியாக நெல் வாங்குபவர்கள்; அட்டை இல்லாதவர்கள்.

இரண்டு கையெழுத்தைக் கண்ட அதிகாரி சிரிக்கவில்லை. கையெழுத்துகளே வேண்டாம், பதிவேட்டைக் கொடுத்தால் போதும், வீடுகளை விசாரிப்பது தம் பொறுப்பு என்றார். ஜூன் 4ஆம் தேதி வரை தவணை கொடுத்தார். அதற்குப் பின் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். தீர்ப்பு வரும்வரை முத்திரை உடைபடாது.

சிவசைலம் மனு நகல்களின் கட்டை எடுத்துவைத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முப்பத்தெட்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் ‘ஒருவேளை உலைக்கும் அரிசி இல்லாத நிலையில்’ என்று ஒரே வாசகத்தை அவர் கையே எழுதியிருந்தது. அதே வாரத்து ஞாயிறு அதே வீட்டின் எதிரில் பதிவேட்டில் ஓர் உழக்கு, அரை உழக்கு. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் அதிகாரிக்கு ஒன்று பொய்யாகத்தான் தோன்றும்.

ஜூன் 3ஆம் தேதி மாலை முத்துவடிவிடம் சொன்னார்:

“நோட்ட நாளைக்குக் குடுத்துரப் போறேன்.”

“குடுங்க. நாளன்னைக்கு எந்தத் தெருவுக்குக் குடி போறோம்னும் சொல்லிருங்க, சாமான கட்டணும்.”

“ஆயிரத்து முந்நூறு பொஸ்தகம் உள்ள கெடக்குட்டீ.”

“அறுபத்திரண்டு அடுப்பு வெளிய கெடக்கு.”

“என்னப் பொய் சொல்லச் சொல்லுதியா?”

“அரிசி நம்மளதுன்னு சொல்லச் சொல்லுதேன். பதினோரு வருசமா நாந்தான சுமந்தேன். என்னுதுன்னு சொன்னா என்ன குத்தம்?”

“அப்பம் மழை?”

“மழைக்கு நான் என்ன செய்ய?” என்றார் முத்துவடிவு.

மறுநாள் பகல் பதினொன்றரை மணிக்கு அலுவலகத்தில் சிவசைலம் அளித்த வாக்குமூலம் நான்கு வாக்கியங்கள் கொண்டது. ‘மேற்படி அரிசி என்னுடையது. பல இடங்களில் வாங்கிச் சேர்த்தேன். விளம்பரத்தில் கண்ட எண் நன்கொடை கருதி மிகைப்படுத்தி எழுதியது. பதிவேடு எதுவும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கில்லை.’ கீழே இடம், தேதி, நேரம் ஆகிய மூன்றையும் அதிகாரி கேட்குமுன் அவரே நிரப்பினார். ஒப்புதல் கைக்கு வந்துவிட்டதால், முன்பு பேசிய பதிவேட்டை அதிகாரி மேற்கொண்டு தேடவில்லை.

சாரல் ஜூன் 7 அன்று தொடங்கிற்று. குற்றாலத்தில் அருவி விழுவதாகவும் கூட்டம் இறங்குவதாகவும் பேருந்துக்காரர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். முத்திரை வைத்த கதவுக்குப் பகல் காவல் இருந்தவர் காவலர் இசக்கிப்பாண்டி. அவர் வாசகசாலையின் 211ஆம் எண் உறுப்பினர். துப்பறியும் நாவல்களைத் தவிர வேறெதையும் தொடாதவர். 9ஆம் தேதி காலை சிவசைலம் இரண்டு ஓலைப்பாய்களோடு ஏணி சார்த்திக் கூரையில் ஏறினார்.

“அண்ணாச்சி, எங்க ஏறுதீக?”

“முத்திர கதவுலதான இருக்கு. ஓட்டுல இல்லையே.”

“நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். டிக்கெட் கிழிச்சே காலம் போயிட்டு.”

“உங்கிட்ட ரெண்டு பொஸ்தகம் இருக்குல்லா? தவணை முடிஞ்சு ஒரு மாசமாச்சு.”

“அது ரெண்டாவது நனையாம இருக்கேன்னு சந்தோசப்படுங்க.”

பாய்கள் இரண்டு நாள் தாங்கின. மூன்றாம் நாள் காற்றில் ஒன்று வாய்க்காலில் போய் விழுந்தது. உடைந்த ஓடுகளை மாற்றக் கையில் பணமில்லை. தென்னங்கீற்று, சாக்கு, பழைய சீலை என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றிக் கல் வைத்தார். பாரம் கூடியதும் மேலும் சில ஓடுகள் நொறுங்கின.

வாய்க்கால் பக்கச் சுவரில், தலைக்கு மேலே, காற்றுக்காக விட்ட சதுர ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியே பார்த்தால் உள்ளே பாதி அறை தெரியும். ஜூன் 15 காலை பார்த்தபோது, தைத்த இதழ்கள் அடுக்கியிருந்த அலமாரியின் தலைப்பில் நீர் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்வரிசை அட்டைகள் உப்பி, ஒன்றையொன்று நெருக்கி முன்னே தள்ளியிருந்தன. அலமாரியின் பக்கத்திலேயே, அரிசி அளக்கும் அண்டா வெறுமையாக நின்றது. அலமாரியை அரையடி நகர்த்தி அந்த இடத்துக்கு அண்டாவைத் தள்ளிவிட்டால் போதும்.

சிவசைலம் பக்கத்து வீட்டிலிருந்து கொடி கட்டும் மூங்கில் ஒன்றை வாங்கிவந்து, ஏணியில் நின்றபடி ஓட்டைக்குள் விட்டார். இசக்கிப்பாண்டி வந்து பார்த்தார்; தடுக்கவில்லை. “ரெண்டு கையையும் எடம் விட்டுப் பிடிங்க, நுனி ஆடுது” என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். மூங்கில் அண்டாவைத் தொட்டது. அண்டா உருண்டு விலகியது. இரண்டாம் முறை அலமாரியின் பக்கப் பலகையில் நுனியை ஊன்றி மெல்லத் தள்ளினார். அதன் பின்கால் கரையான் தின்று கூடாகியிருந்தது வெளியிலிருந்து தெரியவில்லை. அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாங்கலில்லாமல், தரையில் தேங்கியிருந்த நீரில் முகங்குப்புற விழுந்தது. விழும்போது அடுத்த அலமாரியையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

சத்தம் அடங்கிய பிறகும் சிவசைலம் மூங்கிலை விடவில்லை. உள்ளே நுனி எதையும் தொடாமல் நின்றது.

“எறங்குங்க அண்ணாச்சி,” என்றார் இசக்கிப்பாண்டி. “ஒண்ணும் ஆயிருக்காது. காஞ்சிரும்.”

“காயாது.”

“நான் போய் எழுதிக் கேக்கட்டா, கதவத் தொறக்கணும்னு?”

“யாருக்கு எழுதுவ? எழுதுதவன் நாந்தான.”

அதன் பின்னரும் அவர் மனு எழுதாமல் இல்லை. ஜூன் 16 முதல் ஜூலை 20 வரை தாலுகா அலுவலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒன்பது மனுக்கள் அனுப்பினார், நூல்களை மட்டும் வெளியே எடுக்க அனுமதி கேட்டார், நகல் எடுத்துவைத்தார். இரண்டுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. மற்றவற்றுக்கு வரவில்லை. நாள்தோறும் காலையில் ஓட்டை வழியே பார்த்துவிட்டு வருவார். முதல் வாரங்களில் முத்துவடிவு கேட்பார். பிறகு கேட்பதை விட்டார்.

தெருப் பெண்கள் அவரை நேருக்கு நேர் பார்ப்பதைத் தவிர்த்தனர். அவர் பதிவேட்டைக் கொடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருநாள் முப்பிடாதியம்மாள் முத்துவடிவின் வீட்டுக்கு வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு கிண்ணம் அரிசியை எடுத்து அடுப்படியில் வைத்தார்.

“எடுத்துட்டுப் போடீ,” என்றார் முத்துவடிவு. “இன்னொரு கேசத் தாங்க மாட்டோம்.”

ஜூலை 27, செவ்வாய்க்கிழமை, நீதிமன்றத்தில் சிவசைலம் உரிமமின்றி அரிசி சேர்த்துவைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐம்பது ரூபாய் அபராதம், அரிசி பறிமுதல். முத்துவடிவின் கம்மல் அன்று மாலையே அடகுக்கடைக்குப் போயிற்று. மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு, ஊழியர் ஒருவர் வந்து முத்திரையை உடைத்தார். கதவு உப்பியிருந்ததால் மூன்று பேர் தள்ள வேண்டியிருந்தது.

மூடைகளின் அடிப்பகுதி கறுத்துக் கட்டிதட்டியிருந்தது. சாக்கில் எலி கடித்த ஓட்டை வழியே புழுத்த அரிசி கொட்டிக் கிடந்தது. எடுத்துப்போக வந்த ஊழியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, தகுதியற்றது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார். சாய்ந்த அலமாரிகளை இசக்கிப்பாண்டி நிமிர்த்தினார். அடியில் கிடந்த இதழ்த் தொகுப்புகள் தனித்தனியாக வரவில்லை. செங்கல் போல ஒன்றாக வந்தன. பிளந்தால் உள்ளே கரையான் மண்.

பகல் பன்னிரண்டு மணியளவில் குற்றாலத்திலிருந்து பிச்சுமணி வந்தார். தம் பெயர் வழக்கில் வராததை அறிந்தவர் அவர். வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

“கடை அடுப்புக்கு மேல பரண் இருக்கு,” என்றார். “ராவும் பகலும் சூடு இருக்கும். அங்கன பரத்திக் காயப்போட்டிரலாம். எத்தன கடவப்பெட்டி கொண்டாரச் சொல்ல?”

சிவசைலம் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“ஒண்ணு போதும்.”

பிற்பகல் முழுவதும் முத்துவடிவு ஒவ்வொன்றாக எடுத்து, அட்டை உள்ளவற்றின் எண்ணைப் படித்தார். அட்டை இல்லாதவற்றைப் புரட்டிப் பார்த்து, ஒதுக்குவதா வைப்பதா என்று கேட்டார். சிவசைலம் ஒரு புதிய நோட்டில் கோடு கிழித்து எழுதினார். ஆறு மணிக்கு, படிக்க வந்த இருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினர். ஏழேகால் மணிக்கு இருப்புக் கணக்கு முடிந்தது. தேதி: 28–7–1965. மொத்த நூல்கள்: 1,318. உலர்த்தி வைக்கத்தக்கவை: 93.